லோர்னாவின் வேலிக்குள்

லோர்னா கிட்டோ கோபப்படாத நாளில் மழை பெய்யும் என்பார்கள் எங்கள் ஊரில். எங்கள் ஊரில் மழை பெய்வதில்லை.

குவீன்ஸ்லாந்தின் இந்த மூலையில் வருடத்துக்கு ஒருமுறை குதிரைப் பந்தயம். ஓடுவது மாடு ஓட்டும் குதிரைகள்தான். பந்தயத்துக்கு முன்னால் சில வாரம் எல்லாக் குதிரைகளையும் ஒரே வேலிக்குள் விட்டுவிட வேண்டும். புல்லைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. பணக்காரன் குதிரையும் பஞ்சப்பாட்டுக்காரன் குதிரையும் ஒன்றாக இளைக்கட்டும் என்று ஏற்பாடு. ஓட்ஸ் தின்றது தெரிந்தால் குதிரைக்குப் பந்தயம் இல்லை.

காவல் லோர்னாவுக்கு. அவளுடைய குதிரை டாஃபியும் அதே வேலிக்குள்தான் மேய்ந்தது. கிட்டோ குடும்பத்தில் யாரும் தொட்டிராத பந்தயக் கோப்பைக்கு அவள் சமையலறை ஜன்னலில் இடமே ஒதுக்கிவிட்டாள்.

பந்தய வாரத்தில் ஒரு காலை, டாஃபி போட்ட சாணத்தில் முழு முழு ஓட்ஸ் கிடந்தது. வேலியோரம் அவள் கணவன் கிளைவ் நின்றிருந்தான். கையில் மல்லாத்திய தொப்பி. தொப்பிக்குள் ஓட்ஸ் உமி.

"நீயா?"

"எலும்பு தெரியுது லோர்னா. பாவமா இருந்துச்சு."

"இத்தனை வருஷத்துல என் எலும்பப் பாத்து ஒரு நாள் பாவப்பட்டிருக்கியா?"

"உனக்கு எலும்பு எங்க தெரியுது?"

கிளைவ் துணிச்சல்காரன் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் வீசிய வாளி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு வந்தவர் பந்தயக் கமிட்டித் தலைவர் டட்லி. சாணத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "உன் குதிரைதானே. மண்ணத் தள்ளி மூடிட்டுப் போ. யாரும் பாக்கல."

"போன வருஷம் உன் தம்பி குதிரைக்கு நான் அப்படியா சொன்னேன்?"

"இல்ல. அவன சாட்டையால அடிச்ச."

"அப்புறம்? எனக்கு மட்டும் மண்ணா?"

அவளே டாஃபியை வெளியே இழுத்து வந்து, ஊர் பார்க்க லாரியில் ஏற்றினாள்.

கோப்பையை வென்றது டட்லியின் தம்பி குதிரை. பரிசு வாங்கியவன், லோர்னாவின் நேர்மையால்தான் இந்தப் பந்தயமே நிலைத்து நிற்கிறது என்று பேசினான். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் செம்மண்ணில் துப்பினாள்.

"அடுத்த வருஷமும் நீதான் காவல்," என்றார் டட்லி.

"வேற ஆளப் பாரு."

"உன்னவிட நேர்மையான ஆளு யாரு இருக்கா?"

"அதனாலதான் சொல்றேன். எனக்குக் கோப்பை வேணும்."

கிளைவ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் அந்த வாயில் பீரை ஊற்றிக்கொண்டான்.