பென்சிலில் எழுதிய நோய்

ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் அவளுக்கு லேசக்கா என்று பேர். பன்னிரண்டு வருடமாக ஆலோசகர். எவ்வளவு பெரிய நோயானாலும் ஃபைலில் லேசாக எழுதிவிடுவாள். ஃபைலில் ஒரு கட்டம் உண்டு. நோயின் பெயரும் அதற்குரிய எண்ணும் போட்டால்தான் அன்றைய பதிவு முடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளதை உள்ளபடிதான் நிரப்பினாள். பள்ளிக்கூட ஆயா ஒருத்திக்கு எழுதிய பெயர் எப்படியோ வெளியே கசிந்து, மறுவாரமே ஆயாவின் வேலை போயிற்று. அன்றோடு இவள் பேனா இளகிவிட்டது. உண்மையான பெயரைத் தனி நோட்டில் பென்சிலால் எழுதுவாள். நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். நல்ல மனசுதான். நல்ல மனசோடு செய்யும் தப்பை யாரும் தட்டிக் கேட்பதில்லை, அதுதான் வினை.

லிஃப்ட் மெக்கானிக் வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. கலகலப்பான ஆள். "நாலு பேரை மேல ஏத்தி விடுற எனக்கு மட்டும் மனசு கீழயே நிக்குதுக்கா" என்று சிரிப்பான். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. செத்துப்போகலாம் என்று அடிக்கடி தோன்றுவதாகத் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"இதை எழுதிடாதீங்கக்கா. கம்பெனிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாங்க. வீட்லயும் சொல்லாதீங்க. அவ தாங்கமாட்டா."

"சரி தம்பி. ஆனா அடுத்த வாரம் கட்டாயம் வரணும்."

ஃபைலில் 'தூக்கக் குறைவு' என்று எழுதினாள். நோட்டில் 'கடும் மனச்சோர்வு. சாகும் எண்ணம் உண்டு. தனியே விடக்கூடாது' என்று எழுதிப் பூட்டினாள்.

நாலாம் நாள் லேசக்காவுக்குக் கடைவாய்ப்பல் உயிரை வாங்கியது. லீவு போட்டுவிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் போனாள். அன்றைக்குப் பார்த்து அவன் தவணைக்கு முன்னாலேயே வந்திருக்கிறான். இருந்தவர் புது டாக்டர். இவன் வாயே திறக்கவில்லை. டாக்டர் ஃபைலைப் புரட்டினார், தூக்கக் குறைவு என்று இருந்தது, நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் வீடு போய்ச் சேரவில்லை. போகிற வழியிலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி வந்தாள். லேசக்கா வசவுக்குத் தயாராக இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஃபைலைக் காட்டுனாங்கக்கா. தூக்கம் வரலைன்னு மட்டும்தான் இருந்துச்சு. அவருக்கு வேற ஒண்ணுமே இல்லையாமே?" புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்குக் காலைல கேஸ் தீந்துபோச்சுன்னு நான் கத்திட்டேன். நோயே இல்லன்னா, அப்ப நான் கத்துனதுக்குத்தானே போயிட்டாரு? எனக்கு வேற காரணம் கிடைக்கலக்கா."

லேசக்கா பூட்டியிருந்த இழுப்பறையைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் வேலை தப்பும், பேரும் தப்பும். இந்தப் பெண் மட்டும் ஆயுசுக்கும் அந்தக் கத்தலைச் சுமந்துகொண்டு அலைவாள். கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"உன்னால இல்லம்மா. அவருக்கு இதுதான் இருந்துச்சு."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"இது அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்காவது சொல்லியிருக்கலாமேக்கா. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேனே."