ஆளில்லாத வலை

அந்த வருசம் நாங்கள் ஒரு மட்ச்சும் வெல்லேல்லை. சும்மா பேச்சுக்குச் சொல்லேல்லை, உண்மையாவே ஒண்டும் வெல்லேல்லை. ஒக்டோபரில தொடங்கி பெப்ரவரி முடியுமட்டும் தோல்வி, தோல்வி, பேந்தும் தோல்வி. ஒரு மட்ச்சில பதினொண்டுக்குப் பூச்சியம். அந்தப் பதினொண்டையும் விட்டவள் நான்தான். வலைக்கு முன்னால நிண்டு மறிக்கிற வேலை என்ர.

மொன்றியலில, பல்கலைக்கழகத்துக்கு முதல் படிக்கிற கொலிஜ் ஒண்டில எனக்கு அது முதல் வருசம். பொம்பிளைப் பிள்ளையளின்ர ஐஸ் ஹொக்கி ரீமுக்கு ஆள் காணாது எண்டு சுவரில ஒரு தாள் ஒட்டியிருந்தது. மற்றக் கொலிஜுகளில இருவது பேர் வந்து நிண்டு, அதில திறமான ஆக்களைப் பொறுக்கி எடுப்பினம். எங்களிட்ட பதின்மூண்டு பேர் வந்தம், பதின்மூண்டு பேரையும் எடுத்தவை. ஒருத்தருக்கும் வலைக்குள்ள நிக்க விருப்பமில்லை. கோச் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு வந்தா. நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இராமல் "நான் நிக்கிறன்" எண்டன். ஸ்கேட் போட்டு ஓட எனக்குப் பெரிசாத் தெரியாது. லாசாலில எங்கட அப்பார்ட்மென்ற் பக்கத்துப் பூங்காவில, குளிர்காலத்தில தண்ணி ஊத்தி உறைய வைக்கிற இடத்தில, பெடியளோட விழுந்தெழும்பிப் பழகினதுதான். ஆனால் பயம் இல்லை. அந்தக் கறுத்த ரப்பர் வட்டு, பக் எண்டுறது, முகத்துக்கு நேர வந்தாலும் கண்ணை மூடமாட்டன். அது ஒண்டுதான் எனக்கிருந்த திறமை.

அப்பாவுக்கு அதில வந்த சந்தோசத்தைப் பாக்கவேணும். அவர் புவாண்ட்-கிளேரில ஒரு சாமான் கிடங்கில வேலை. சனிக்கிழமையளில ரிவியில ஹொக்கி பாத்துத்தான் இந்த நாட்டைப் பழகினவர். ஒரு மட்ச்சும் விடாமல் வந்து, போத்தலில கொண்டுவந்த பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு, "பிடி பிள்ளை! மறி! உவளை உள்ள விடாத!" எண்டு தமிழில கத்துவார். மற்றப் பெற்றோர் முதலில திரும்பித் திரும்பிப் பாத்தினம். நத்தார்ப் பண்டிகை வரமுதல் அவையளும் "மறி! மறி!" எண்டு கத்தத் தொடங்கிட்டினம். அம்மா ஒரு நாளும் வரேல்லை. "அந்தக் குளிருக்குள்ள இருந்து என்ர பிள்ளைக்கு அடி விழுகிறதைப் பாக்க எனக்கென்ன விசரோ?" எண்டு கேட்பா. வீட்டிலயிருந்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தா. "அந்தோனியார் துலைஞ்ச சாமான் தேடித் தாறவர் அம்மா, கோல் போடுறவர் இல்லை" எண்டன். "வாயைப் பொத்தடி" எண்டா.

தை மாதம் கொலிஜில விளையாட்டுக்குப் பொறுப்பான மனிசன் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிசன்தான், குரலை உயர்த்தாமல் கதைக்கிறவர். அதுதான் இன்னும் எரிச்சல். ஆக்களும் காணாது, வெற்றியும் இல்லை, மற்றக் கொலிஜுகள் இந்த ரீமோட விளையாடுறது நேரச் செலவு எண்டு முறைப்பாடு சொல்லுதுகள் எண்டார். இந்தப் பருவம் முடியிறதுக்குள்ள ஒரு மட்ச், ஒரேயொரு மட்ச் வெல்லுங்கோ, அடுத்த வருசமும் ரீமை வைச்சிருக்க நான் கதைக்கிறன். இல்லாட்டில் என்னால ஏலாது எண்டார்.

மற்றவளவையில சிலருக்கு அது பெரிய விசயமில்லை. ரண்டு பேர் அடுத்த வருசம் பல்கலைக்கழகம் போறவை, இன்னொருத்தி ஏற்கெனவே அலுத்துப்போய் நிண்டவள். எனக்கு அப்பிடியில்லை. இந்த ரீம் போனால் என்ர ஹொக்கியும் போச்சு. என்னைப்போல கோல் விட்டவளை வேற எந்த ரீம் எடுக்கும்? கோவிலில நான் இன்னாற்ற மகள், வகுப்பில நான் பின்வரிசையில இருக்கிற ஒரு கறுத்தப் பிள்ளை. வலைக்கு முன்னால நிண்டால் மட்டும்தான் பன்ரண்டு பேர் என்னைத் திரும்பிப் பாத்து, "நீ இருக்கிறாய்தானே?" எண்டு கேட்பாளவை. அந்தக் கேள்வி எனக்கு வேணுமாயிருந்தது. வெக்கமில்லாமல் சொல்லுறன், சோறு தண்ணிபோல வேணுமாயிருந்தது.

எனக்கு முன்னால நிண்டு காக்கிறவளவையில ஒருத்தி இருந்தாள். கியூபெக் பிள்ளை, கஸ்பே பக்கத்தில ஒரு மீன்பிடி ஊரிலயிருந்து படிக்க வந்து, லாசாலில தன்ர சித்தி வீட்டில இருந்தவள். எங்கட வீட்டிலயிருந்து நாலு பஸ் தரிப்புத் தள்ளி. அதால மட்ச் முடிய அப்பாதான் எங்கள் ரண்டு பேரையும் காரில ஏத்திக்கொண்டு வருவார். நல்லா ஓடுவாள், எங்கள் எல்லாரிலயும் கெதியா ஓடுறவள் அவள்தான். ஆனால் பக் கையில வந்து, ரண்டு பேர் தன்னை நோக்கி வரக் கண்டால் போதும், மரம்மாதிரி நிண்டிடுவாள். அவளவை பறிச்சுக்கொண்டு வந்து எனக்கு அடிப்பாளவை. பாதிக் கோல் அப்பிடி வந்ததுதான்.

நான்தான் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சன். "பயம் வந்தால் யோசிக்காத, திரும்பிப் பாக்காத, பின்னால எனக்கு அடிச்சுவிடு. நான் அங்க நிப்பன்" எண்டன். வியாழக்கிழமையளில மற்றவளவை வரமுதல் ரண்டு பேரும் வந்து அதைப் பழகினம். நான் அவளுக்கு முன்னால தடியை ஆட்டிக்கொண்டு வருவன், அவள் என்னைப் பாத்தபடியே பக்கை வெறும் வலைப் பக்கம் பின்னுக்குத் தள்ளவேணும். முதலில தலை திரும்பும். "பாக்காதயெடி!" எண்டு தமிழிலேயே கத்துவன். ஒரு மாசத்தில தலை திரும்புறது நிண்டுபோச்சு. ஒம்பது கோல் விட்ட நாங்கள் நாலு கோல் விடத் தொடங்கினம். கோச் எல்லாருக்கும் முன்னால என்னைப் புகழ்ந்தா. நான் ரண்டு நாள் தலைகால் தெரியாமல் திரிஞ்சன்.

எண்டாலும் நாலு கோல் விட்டாலும் தோல்வி தோல்விதான். அப்பிடியே கடைசி மட்ச்சுக்கு வந்து நிண்டம்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம், புவாண்ட்-கிளேர் பக்கம், எதிர் ரீமின்ர அரங்கில. அப்பா அண்டைக்கு அரைநேர வேலை முடிச்சு, கிடங்கு உடுப்போடயே வந்திருந்தார். விளையாட்டுப் பொறுப்பாளரும் வந்து, மேல் வரிசையில கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்டைக்கு எங்களுக்கு என்ன பிடிச்சதோ தெரியாது. முதல் கோலை நாங்கள் போட்டம். பிறகு அவளவை ஒண்டு. பேந்து நாங்கள் ஒண்டு, அவளவை ஒண்டு. ரண்டுக்கு ரண்டு, இன்னும் நாலு நிமிசம். நான் முப்பதுக்கு மேல மறிச்சிருப்பன், கை காலெல்லாம் நீலம். கடவுளாணை, அந்த நேரம் நாங்கள் வெல்லப்போறம் எண்டு நம்பினன். அந்த வருசத்தில முதல் தரமா நம்பினன்.

அப்ப எதிர் ரீமில ஒருத்தி எங்கட பிள்ளை ஒருத்தியின்ர காலைத் தடியால இழுத்து விழுத்தினாள். நடுவர் கையை உயர்த்தினார். ஆனால் விசில் ஊதேல்லை. இந்த விளையாட்டில அப்பிடித்தான்: பிழை விட்ட பக்கம் பக்கைத் தொடுற நேரம்தான் விசில். அதுவரைக்கும் எங்கட பக்கம் விளையாடலாம். அதாவது, அவளவையால கோல் போடவே ஏலாது, தொட்டவுடன மட்ச் நிண்டிடும். அதால அந்த நேரத்தில வலை காக்கிறவள் வலையை விட்டிட்டு, மிச்ச ஆக்கள் இருக்கிற வாங்குப் பக்கம் ஓடுவாள், அவளுக்குப் பதிலா முன்னுக்கு அடிக்க இன்னொருத்தி உள்ள இறங்குவாள். எல்லா ரீமும் செய்யிறதுதான். வலை வெறுமையா இருந்தாலும் ஒரு பயமும் இல்லை. எங்கட ஆக்களே எங்கட வலைக்குள்ள அடிச்சால் ஒழிய. அப்பிடி ஆராவது செய்வினமோ?

கோச் "வா! வா!" எண்டு கத்தினா. நான் கனத்த உடுப்போட விழுந்தடிச்சு ஓடினன். ஒரு காலை வாங்குக்கு முன்னால இருக்கிற பலகைத் தடுப்புக்கு மேலால போட்டன், மற்றவள் என்னைத் தாண்டி உள்ள பாய்ஞ்சாள். திரும்பிப் பாத்தன். எதிர்ப் பக்கத்தில எங்கட ஆக்கள் ஆறு பேர். பக் எங்கட ஆற்றையோ தடியில பட்டுத் தெறிச்சு, நடுவுக்கு வந்து, அந்தக் கஸ்பேக்காரியிட்ட வந்தது. ரண்டு பேர் அவளை நோக்கி ஓடி வந்தாளவை.

பக்கை அப்பிடியே விட்டிருந்தாலே காணும். அவளவை பறிச்சிருந்தால் விசில் ஊதியிருக்கும். அவள் யோசிக்கேல்லை. தலை திரும்பேல்லை. பழகின மாதிரியே, வடிவா, அழகா, பின்னுக்கு அடிச்சாள்.

பக் மெதுவாத்தான் போச்சு. நடுக்கோட்டைத் தாண்டிச்சு. எங்கட பாதிக்குள்ள வந்துது. நான் பாய்ஞ்சு இறங்கப் போனன், கோச் என்ர சட்டையைப் பின்னால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டா, இறங்கினால் ஒரு ஆள் கூட எண்டு அதுவும் பிழை. ஆறு பேர் அதைத் துரத்திக்கொண்டு வந்தாளவை, ஒருத்தியாலயும் பிடிக்க ஏலேல்லை. "மாதாவே, கம்பத்தில பட்டுத் திரும்பட்டும், மாதாவே" எண்டு சத்தமாச் சொன்னது எனக்கு ஞாபகம். கம்பத்தில பட்டுது. பட்டு உள்ள போச்சு.

அந்தப் பிழைக்கு முதல் எதிர் ரீமில கடைசியா பக்கைத் தொட்டவளுக்குத்தான் அந்தக் கோலை எழுதினவை, அதுதான் சட்டம். பாவம், அவளுக்குத் துள்ளுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை, தடியை அரைவாசி உயர்த்திப்போட்டு இறக்கிட்டாள். மிச்ச நாலு நிமிசமும் நாங்கள் என்னத்தைச் செய்தம் எண்டு எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பாக்க மேல் வரிசையில பொறுப்பாளரின்ர கதிரை வெறுமையாக் கிடந்துது. மட்ச் முடியமுதலே எழும்பிப் போட்டார்.

உடுப்பு மாத்திற அறைக்குள்ள வந்தம். ரண்டு பேர் அழுதாளவை. அவள் ஸ்கேட்டைக்கூடக் கழட்டாமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள். பேந்து என்னைப் பாத்து, சின்னக் குரலில, பிரெஞ்சில, "நீ நிக்கிறாய் எண்டு நினைச்சன்" எண்டாள்.

அந்த நேரம் நான் ஒண்டு சொல்லியிருக்கவேணும். "பாக்காத எண்டு சொல்லிக் குடுத்தவள் நான்தான், நடுவரின்ர கை உயர்ந்தால் நான் நிக்கமாட்டன் எண்டு சொல்ல மறந்தவளும் நான்தான்" எண்டு சொல்லியிருக்கவேணும். எத்தினை வியாழக்கிழமை! ஒரு நாள்கூட எனக்கு அந்த யோசனை வரேல்லை. கோச்சுக்கும் வரேல்லை எண்டு வையுங்கோவன், ஆனால் பழக்கினது நான். அதுக்குப் பதிலா நான் எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு, "உனக்குக் கண் இல்லையோ? ஒருக்காத் தலையைத் தூக்கிப் பாக்கத் தெரியாதோ?" எண்டு கத்தினன். ஒருத்தியும் என்னை மறிக்கேல்லை. வியாழக்கிழமைக் கதையை அவளும் சொல்லேல்லை. அதை நினைக்கத்தான் இண்டைக்கும் எனக்கு நெஞ்சு எரியிது.

ரீமின்ர பஸ் கொலிஜுக்குத் திரும்பிப் போறது. நாங்கள் ரண்டு பேரும் அதில ஏறுறதில்லை, அப்பாவோட போறது வழக்கம். அவள் தன்ர பெரிய பையோட முன் கண்ணாடிக் கதவடியில போய் நிண்டாள். நான் அதைப் பாத்தன். பாத்திட்டு, பக்கக் கதவால வெளிய போய்க் காரில ஏறினன்.

"மற்றப் பிள்ளை எங்க?" எண்டார் அப்பா.

"அவள் ரீம் பஸ்ஸில போட்டாள்."

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும், போட்டாள். வெளிக்கிடுங்கோ அப்பா."

அப்பா என்னை ஒருக்காப் பாத்திட்டுக் காரை எடுத்தார். அவர் தன்ர பிள்ளை பொய் சொல்லுவாள் எண்டு நினைக்கிற மனிசன் இல்லை. "நீ நல்லாத்தான் மறிச்சனீ" எண்டு மட்டும் சொன்னார். அண்டைக்கு மைனஸ் இருவதுக்குக் கிட்ட. ஹொக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு புவாண்ட்-கிளேரில இருந்து லாசாலுக்கு மூண்டு பஸ் மாறவேணும்.

வீட்டில அம்மா சோறு போட்டுத் தந்தா. தோத்துப்போனதைக் கேட்டு, அந்தோனியாரை ஒரு பார்வை பாத்தா. ஆறு மணி போல ரெலிபோன் அடிச்சுது. கைத்தொலைபேசி எல்லாரிட்டயும் இல்லாத காலம். அம்மா எடுத்தா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிண்டிட்டு, ரிசீவரைக் கையால பொத்திக்கொண்டு என்னைப் பாத்தா.

"உன்னோட வாற பிள்ளை. வீட்டுக்கு இப்பத்தான் வந்து சேந்தவளாம் போலக் கிடக்கு. அழுகிறாள். பார்தோன், பார்தோன் எண்டு மன்னிப்புக் கேக்கிறாள், வேறொண்டும் எனக்கு விளங்கேல்லை. வந்து கதை."

நான் தலையை ஆட்டி, இல்லையெண்டு சொல்லுங்கோ எண்டு கை காட்டினன். அம்மா முழுசிப் பாத்தா. பேந்து எனக்காக, தனக்குத் தெரிஞ்ச நாலு பிரெஞ்சுச் சொல்லை வைச்சுக்கொண்டு, பிள்ளை வீட்டில இல்லை எண்டு பொய் சொல்லி வைச்சா.

"அப்பிடி என்னத்தையடி செய்தவள் உனக்கு?" எண்டா.

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் செய்தவள்."

ரீமை அந்த வசந்தத்தோட மூடினவை. நான் பிறகு ஒரு நாளும் விளையாடேல்லை. அவளும் நானும் இன்னும் ஒன்றரை வருசம் அதே கொலிஜில, அதே படியளில ஏறி இறங்கினம். கண்டால் அவள்தான் முதலில குனிஞ்சு கொள்ளுவாள். அம்மாவுக்குச் சொன்ன அந்த ஒரு வசனத்தை நான் அவளுக்குச் சொல்லவேயில்லை.