வெள்ளைச் சேலையில் ஏறிய நீலம்

யாராவது கம்ப்யூட்டர் திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரை என்ன பாவம் செய்தது? என் ஆத்திரமெல்லாம் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி மேல்தான்.

இரண்டாயிரத்துப் பதினேழோ பதினெட்டோ இருக்கும். மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்யும் கடை ஒன்றில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேசை. களியக்காவிளையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். மதியம் பாத்திரத்தைத் திறந்தால் யார் வீட்டு மீன் யார் வாயில் போகிறது என்று பார்க்கவே மாட்டோம். படங்களுக்கு நிறம் திருத்துவது எங்கள் வேலை. எனக்கு அந்த வேலை என்றால் உயிர். மெஷின் மக்கர் செய்தால் பார்ப்பதும் நான்தான்.

ஒருநாள் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"மக்கா, வல்லாத்த தலவேதனையாட்டு இருக்கு. இந்த வெள்ள வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்துது. எதாவது செய்யேன். ஆனா யாருகிட்டயும் சொல்லிராத. வீட்டுல எனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காவ. சீக்குக்காரின்னு பேரு வந்தா அதோட தீந்தது."

சொல்வேனா? அவள் லேப்டாப்பில் நீல வெளிச்சத்தைக் குறைக்கும் அமைப்பைப் போட்டேன். சின்னத் திரை உடனே இதமான மஞ்சளுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பெரிய மானிட்டர் மட்டும் டியூப் லைட் மாதிரி வெளேரென்று நின்றது. அவள் நாள் முழுக்கப் பார்ப்பது அதைத்தானே! அணைத்துப் போட்டேன், மானிட்டரின் டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன், கேபிளை மாற்றினேன். சனியன் அசையவில்லை. சாப்பிட்டு வந்து மேசைக்கு அடியில் குனிந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் ஒரே வயரில் வரட்டும் என்று முதலாளி ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். லேப்டாப் சொல்லும் நிற மாற்றம் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகவில்லை. மானிட்டர் வயரைப் பிடுங்கி நேராக லேப்டாப்பில் சொருகினேன். பெரிய திரையும் மஞ்சளானது. அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கேளுட்டி. கலர் பாக்கும்போ இத ஆஃப் பண்ணிரணும். இல்லேன்னா வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியும்."

"அது எனக்குத் தெரியாதா மக்கா?" என்று சிரித்தாள்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் செய்தாள். பிறகு கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோவிலில் நடந்த கல்யாணம் அவள் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் கோவிலில் பெண் வெள்ளைச் சேலையில்தான் நிற்பாள். ஆல்பத்தில் பாதி அந்தச் சேலைதான். இவள் அமைப்பை அணைக்க மறந்துவிட்டாள். திரையில் சேலை பழுப்பாகத் தெரிய, வெளுப்பாக்குகிறேன் என்று பக்கம் பக்கமாக நீலத்தை ஏற்றித் தள்ளியிருக்கிறாள்.

அச்சாகி வந்த ஆல்பத்தைப் பெண்ணின் அம்மா கடை நடுவில் விரித்துப் போட்டாள். "எனக்க மொவளுக்க சாரிய சொட்டு நீலத்துல முக்கி எடுத்தியளா?" அவளோடு வந்த சொந்தக்காரர்களும் கூடிக்கொண்டார்கள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இவதான் எனக்க மெஷின்ல என்னமோ மாத்தி வச்சா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

வேண்டாம் என்று சொன்னாளாம்! என் கையைக் கண்ணில் ஒற்றினவள்!

எதற்காக மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கடை நிறைய ஆட்கள். தலைவலி என்று ஒரு சொல் என் வாயிலிருந்து விழுந்தால், பொழுது சாய்வதற்குள் அவளுக்குப் பேசும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் கெட வேண்டாம் என்று நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காம மெஷின்ல கைவைக்கப்பிடாதுன்னு சொல்லிருக்கேம்லா?" என்றார் முதலாளி. "நாளையில இருந்து நீ முன்னால கவுண்டர்ல இரி. பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாப் போதும். கலரு வேலைய இவளே பாக்கட்டு."

சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயத்தில் உளறிவிட்டேன் என்பாள், அழுவாள், நானும் அழுது தொலைத்து மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏட்டி, என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "உனக்க தலையில போட்டாலும் எனக்க காரியத்த நீ வெளிய விடமாட்டேன்னு எனக்குத் தெரியும் மக்கா. அந்தத் தைரியந்தான்."

குழித்துறையில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். ஊருக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.