தம்பியின் பெயரில் வந்த கறிவேப்பிலைக் கன்றுகள்

என் தம்பி பஸ்ரியன் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார் பேசாலையில் எங்களைப் பெற்ற ஐயா இறந்த வருடம், ஏழு வயதில் மீன்பிடி வள்ளம் ஏறிப் பசியை வென்றான். தொண்ணூறில் கடலைத் தாண்டி, மனைவி றோசலினையும் கைக்குழந்தையையும் இந்தியாவின் மண்டபம் முகாமில் கரைசேர்த்தான். அடுத்த வருடம் தனியாகக் கனடா வந்து அகதி வழக்கை வென்றான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ரொறன்ரோவில் வேலையில்லை என்றார்கள். அவன் வடக்கே, மரமே முளைக்காத இக்கலுவிட்டுக்குப் போய் வேலை எடுத்தான்.

அங்கே பல வீடுகளுக்குத் தண்ணீர் லொறியில்தான் போகும். தம்பி லொறியின் பின்னால் நின்று, குழாயை இழுத்து வீட்டுத் தொட்டிகளை நிரப்புவான். குழாயின் வாய் உறைந்திருந்தால் தட்டி உடைப்பான். "அக்கா, இஞ்சை மீசையும் மூக்குச்சளியும் ஒண்டாய் உறையுது" என்று தொலைபேசியில் சிரிப்பான். அங்குள்ளவர்கள் கடல்நாய் இறைச்சி கொடுத்தார்களாம். "எங்கடை தூளைப் போட்டால் எல்லாம் கறிதான்" என்றான். அந்த வேலை நிலைத்தால்தான் றோசலினையும் மகளையும் கூப்பிட முடியும். அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

1996 கார்த்திகையில் விடுமுறை எடுத்து, அவர்களைப் பார்க்க இந்தியா போனான். திரும்பிய விமானத்தில் நவரட்ணமும் வந்தார். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் நான் இருக்கும் கட்டடத்தில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். சென்னை விமான நிலையத்திலேயே தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கு நிறை கூடிப்போச்சு. இந்தப் பையை உன்ரை பேரிலை போடு. எல்லாம் மிளகாய்த்தூள்தான்."

எங்கள் ஆட்களில் யார் போய்வந்தாலும் பெட்டியில் பாதி மற்றவர்களுடையது. மறுத்தால் தலைக்கனம் என்பார்கள். திறந்து பார்த்தால் சந்தேகப்பட்டான் என்பார்கள். தம்பி திறக்கவில்லை. விமானத்தில் சுங்க அட்டையையும் நவரட்ணமே நிரப்பினார். உணவு, செடி என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று குறித்தார். தம்பி அடியில் கையொப்பத்துக்குப் பதிலாகப் புள்ளடி போட்டான்.

ரொறன்ரோவில் பையைத் திறந்தார்கள். ஈரச் சாக்கில் சுற்றி, வேர் மண்ணோடு கறிவேப்பிலைக் கன்றுகள். "என்ரை பை இல்லை" என்று தம்பி தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். பை அவன் பெயரில் இருந்தது. பக்கத்து வரிசையில் நின்ற நவரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிலைத் தள்ளினார்.

வெளியே காத்துநின்ற என்னிடம் வந்து, "உவன் வருவான் பிள்ளை, செக் பண்ணுறாங்கள்" என்றார்.

தம்பி வரும்போது வடக்கே போகும் விமானம் போய்விட்டது. தண்டம் எழுதியிருந்தார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, றோசலினைக் கூப்பிடுறதுக்கு உது இடைஞ்சலாகுமோ?"

தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரே நவரட்ணத்தின் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, உங்கடை கறிவேப்பிலைக் கண்டுக்கு என்ரை தம்பி ஏன் கள்ளனாகவேணும்?"

"கத்தாதை பிள்ளை. எழுதத் தெரியாதெண்டு சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்கள். எனக்கு இஞ்சை ஒரு மரியாதை இருக்கு."

"அவனுக்கு இல்லையோ? பக்கத்திலை நிண்டனீங்கள், ஒரு சொல்லுச் சொன்னால் வாய் தேஞ்சுபோமோ?"

"சரி சரி, மனிசியைக் கூப்பிடுற ஸ்பொன்சர் போமை நான் சும்மா நிரப்பித் தாறன். புள்ளடியை மட்டும் போடட்டும்."

எனக்குப் பின்னால் நின்ற தம்பி முன்னுக்கு வந்தான். "வேண்டாம் அண்ணை. இனி என்ரை போமிலை உங்கடை பேனை படாது. கறிக்கு இலை வேணுமெண்டால் கடையிலை வாங்குங்கோ."

பிந்திப் போனதற்கு முதலாளி ஏசினார். ஆனால் அந்தக் குளிரில் குழாய் இழுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, வேலை தப்பியது. நான் எட்டாம் வகுப்புத்தான். ஆனாலும் மட்டையில் அவன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினேன். லொறிக் கண்ணாடியில் படியும் உறைபனியில் விரலால் எழுதிப் பழகினானாம்.

"அக்கா, எஸ் விலாங்கு மாதிரி நழுவுது."

"விடாமல் பிடியடா."

பெப்ரவரியில் வடக்கிலிருந்து இறங்கி வந்தான். தண்டம் கட்டியது ஸ்பொன்சருக்குத் தடையில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். தம்பி விளங்காததை மறுபடி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னான். நவரட்ணம் இன்றைக்கும் லிஃப்டில் என்னைக் கண்டால் ஒன்றும் நடக்காதவர் போலச் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை.

றோசலினும் மகளும் வந்துசேர்ந்தது அந்தப் படிவத்தில்தான். அதன் அடியில் பஸ்ரியன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்ட நாள்: 1997 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.