சூடானால் நின்றுபோகும் கல்யாண கார்

1. நடுத்தெருவில்

பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பூ அலங்காரம் செய்த கார் மட்டும் நடுத்தெருவில் நின்றுவிட்டது. உள்ளே மாலையும் கழுத்துமாகக் கல்யாணப் பெண். பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில், வைகாசி வெயில் இன்னும் இறங்காத ஒரு சாயங்காலம் அது.

பெண் அழைப்பு ஊர்வலத்தில் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் காரை நம்பி யாராலும் தனியாக அனுப்ப முடியாத நிலைமை. அதனால் நானும் கூடவே போனேன்.

காரின் சொந்தக்காரர் துலுக்காணம் அண்ணன். கீழ்பென்னாத்தூர்க்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்க, இவர் மட்டும் டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு ஓட்டினார். கல்யாண சீசன்தான் அவருக்கு முக்கியம். அந்த சீசனில்தான் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

காலையில் செல்ஃபைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். வேலூர் வரைக்கும் விரட்டினாலும் முகம் சுளிக்காது. ஆனால் ஊர்வலம் மாதிரி மெதுவாக ஊர்ந்தால், காற்றுப் படாமல் என்ஜின் சூடேறினதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். நிற்பதும் எல்லா நாளும் கிடையாது. என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் சமர்த்தாக ஓடும்.

2. ஈரத்துணி

கோடையில் கார் நின்றால் எங்கள் தொழிலில் முதலில் சொல்வது ஏர் லாக். சூட்டில் பெட்ரோல் பம்பிலும் பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் அடைத்துக்கொள்ளும். இதற்கு வைத்தியம் ஈரத்துணி. துணியை நனைத்து பம்பின் மேல் சுற்றினால் குளிர்ந்து வழிக்கு வரும்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பியது. அதனால் ஏர் லாக் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பம்புக்குப் புது கிட் போட்டேன். பெட்ரோல் பைப்பை சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டினேன். தகரம் வெட்டி மறைப்பு வைத்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் துலுக்காணம் அண்ணன் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார். அடுத்த கல்யாணம் முடிந்ததும் வாடிய முகத்தோடு வருவார்.

"சம்பந்தம், நேத்தும் நின்னுட்சிப்பா. மாப்ள ஊட்டுக்காரங்க அபசகுனம்னு மூஞ்ச திருப்பிக்கினாங்க. இனிமே எவன் கூப்புடுவான்?"

அபசகுனம் என்ற பேச்சு ஊரில் பரவத்தான் செய்தது. ஒருவர் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் நசுக்கச் சொன்னார். இன்னொருவர் பூசணிக்காய் சுற்றச் சொன்னார். அண்ணன் இரண்டையும் செய்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று கார் நிற்கவில்லை. என் நம்பிக்கைகூட ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுவிட்டது!

"இந்தத் தடவையும் நின்னா வண்டிய வித்துட்டு ஊர்ல ஏர் புடிக்கப் போறேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஊர்வலத்தில் நானும் ஏறினேன். கல்யாணப் பெண் மல்லிகா, அவர் ஊர்ப் பெண். பழக்கத்தின் பேரில் நம்பிக் கூப்பிட்டிருந்தார்கள்.

3. தண்ணீர் இல்லாத குழாய்

கார் நின்றது. கையில் துணி தயாராக இருந்தது. தெருக்குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மல்லிகாவின் தம்பி குடத்தோடு ஓடியிருந்தான், அவனையும் காணோம். மல்லிகாவின் தாய்மாமன், பட்டுச் சட்டையும் வியர்வையுமாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? பொண்ண நடக்க வெச்சே கூட்டினு போவவா?"

"தண்ணி வந்துடட்டும் சார், ஒரு நிமிஷம்."

"கல்யாணத்துக்கு வந்தியா, காது குத்த வந்தியா நீ?"

நான் செய்ய ஒன்றும் இல்லாமல் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அதில் பிழியவும் ஒன்றும் இல்லை. பாண்டுக்காரர்கள் திரும்பி வந்து, காரைச் சுற்றி நின்று ஒரு பாட்டை வாசித்தார்கள். கூட்டம் சிரித்தது. துலுக்காணம் அண்ணன் சும்மா இருக்க மாட்டாமல் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மல்லிகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மாலை பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள்.

"அண்ணே, தண்ணியே ஊத்தாம கிளம்பிட்சே! அப்புறம் எதுக்கு தெனமும் அத குளிப்பாட்டி உட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். தாய்மாமன்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சுரீர் என்றது. துணி வேலை செய்யவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வரும் நேரம்தான் வேலை செய்திருக்கிறது. அந்த நேரத்தில் என்ஜினில் ஏதோ ஒன்று தானாகவே குளிர்ந்திருக்கிறது. அது எது?

4. நிற்க வைத்துப் பார்த்தது

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் உச்சி வெயிலில் துலுக்காணம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மலை சுற்றும் பாதையில் போனேன். "ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டுங்கண்ணே. இன்னிக்கு அது நிக்கணும்."

"நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு கெடக்கறேன், நீ நிக்கணும்ங்கிற!"

அன்றைக்குப் பார்த்து நிற்கவில்லை. ஊர்ந்தோம், ஊர்ந்தோம். எங்களை ஆடுகள் முந்திக்கொண்டு போயின. அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி, புளிய மரத்தடியில் ஒருவழியாகத் தும்மி நின்றது. அண்ணன் கை தட்டினார். நானும்தான்.

துணியைத் தொடவில்லை. உடனே கார்புரேட்டர் பக்கம் பைப்பைக் கழற்றி, அண்ணனை முன்னால் ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றச் சொன்னேன். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. ஆக, பெட்ரோலில் குறை இல்லை. பைப்பை மாட்டி, சிந்தியதைத் துடைத்து, அது காய்ந்ததும் காயிலிலிருந்து வரும் ஒயரை, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிடுங்கி, என்ஜின் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றச் சொன்னேன். நீலமாகப் பட் பட்டென்று வெடிக்க வேண்டிய பொறி, வாடிப்போன மஞ்சளாக ஒருமுறை மினுங்கியது. மறுபடி ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், கரண்டை விட்டு விட்டு அனுப்பத் திறந்து மூடும் பாயிண்டின் முனை கருகியிருந்தது.

பாயிண்ட் அப்படிக் கருகினால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். விரல் நுனியளவுள்ள சின்னக் குப்பி. பாயிண்ட் திறக்கும்போது பொறி பறக்காமல் அதுதான் தாங்கிக்கொள்ளும். அது போனால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. சில கண்டென்சர் சூடேறினால் மட்டும் மக்கர் பண்ணி, ஆறினதும் சரியாகிவிடும்.

புதுசு ஒன்று பையில் இருந்தது. மாட்டினால் வண்டி கிளம்பும் என்று தெரியும். ஆனால் மாட்டுகிற நேரத்தில் எல்லாமே குளிர்ந்துவிடும். பழசை வைத்தாலும்தான் கிளம்பும். அப்புறம் இதுவும் ஈரத்துணிக் கதையாகிவிடும். பழசோடே ஸ்டார்ட் செய்து ஷெட்டுக்குத் திரும்பினோம்.

5. டீக்கடை பாய்லர்

மறுநாள் காலை, என்ஜின் சில்லென்று இருக்கும்போது பழைய கண்டென்சரைக் கழற்றி, நீள ஒயர் வைத்து வெளியே தொங்கவிட்டு இணைத்தேன். ஸ்டார்ட் செய்தேன். நன்றாக ஓடியது. துலுக்காணம் அண்ணனைப் பக்கத்து டீக்கடையில் பாய்லர் தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கிவரச் சொன்னேன்.

"டீத்தூள் வேணாமா?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே கூட வந்துவிட்டார்.

கண்டென்சரை பாலிதீன் பையில் நனையாமல் சுற்றி, வெந்நீருக்குள் இறக்கினேன். மூவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் என்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு இரண்டு முறை. அப்புறம் நின்றுவிட்டது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் வெதுவெதுப்புக்கூட ஏறவில்லை. சூடாக இருந்தது அந்தக் குப்பி மட்டும்தான்.

வெளியே எடுத்து ஆறவிட்டேன். ஸ்டார்ட் ஆனது. மறுபடி இறக்கினேன். நின்றது. புதுசை இணைத்து, புதிதாக வெந்நீர் வாங்கி அதே மாதிரி இறக்கினேன். தண்ணீர் ஆறும்வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

துலுக்காணம் அண்ணன் பழைய கண்டென்சரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இத்தினூண்டு கழுத, எத்தினி கல்யாணத்துல என் மானத்த வாங்கிட்சி" என்றார். அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார், வெந்நீரில் தனக்கும் பங்கு உண்டு என்று.

புதுக் கண்டென்சரும் பாயிண்டும் போட்டு, பாயிண்ட் திறக்கும் இடைவெளியைச் சரிபார்த்து அனுப்பினேன். அடுத்த முகூர்த்தத்துக்கு என்னைச் சும்மாவாவது வரச் சொன்னார். போனேன். கார் தெருத்தெருவாக ஊர்ந்தது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. பாதி வழியில் பாண்டு மாஸ்டர் கிளாரினெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"யோவ் துலுக்காணம், கொஞ்சம் நிறுத்துய்யா, மூச்சு வாங்கிக்கறோம். முன்னல்லாம் வண்டியே பாத்து நின்னு ரெஸ்ட் குடுக்கும்!"

அதற்கப்புறம் அண்ணன் பல வருஷம் அந்தக் காரை ஓட்டினார். ஏர் பிடிக்கப் போகவே இல்லை.

இப்போது ஷெட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் ஏதோ செய்தீர்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றால் உடனே பானட்டை மூடாதீர்கள். நீங்கள் செய்ததால் கிளம்பியதா, செய்துகொண்டிருந்த நேரத்தில் தானாகக் கிளம்பியதா என்று பாருங்கள். அதற்கு ஒரே வழி, குறையை உங்கள் கையாலேயே வரவழைப்பது. வேண்டும்போது நிறுத்தவும் வேண்டும்போது ஓட்டவும் முடிந்தால்தான் குறை பிடிபட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் கார் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.