கோணாமலை ரேடியோவில் சொன்ன பகிடி

தந்திப் பியோன் கோணாமலை 1917இல் களுதாவளையில் பிறந்தவர். 1942 ஜூலையில் மட்டக்களப்பு, புளியந்தீவுத் தபாற்கந்தோரில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவர் பிந்தி வந்ததாக வரவு இடாப்பில் ஒரு பதிவும் இல்லை. முந்தி வந்து, கதவு திறக்கும்வரை வாசலில் நின்ற நாட்கள் பல.

அதே கந்தோரின் தந்தியறையில் நான் சிக்னலராக இருந்தேன். கம்பியில் வரும் செய்தியைத் தாளில் எழுதி மடித்து உறையில் இடுவது என் வேலை. அதைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அந்நாளில் தந்தி ஆங்கிலத்தில்தான் வரும். ஆங்கிலம் தெரியாத வீடுகளில் அவரே வாசித்துச் சொல்லுவார். பிறகு தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வருவார். அயல்வீட்டார் மதிலால் எட்டிப் பார்த்து, "என்னவாம் அண்ணே?" என்றால், "தந்தி வந்தது, குடுத்திட்டன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க ஒருவராலும் முடியாது. செய்தியின் இரகசியம் காப்பதாகச் சேரும்போதே கையொப்பமிட்டவர்.

ஆனால் மனிதர் நல்ல பகிடிக்காரர். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் வாய் திறந்தால் முத்திரை விற்கும் யன்னலில் நிற்கும் சனமும் சிரிக்கும். இந்தக் கீர்த்தி எப்படியோ கொழும்புக்கு எட்டியது. 'சிரிப்புச் சந்தி' என்ற வானொலி நிகழ்ச்சியை நடத்திய பதியுதீனும் ஜெயராஜாவும் ஊரூராகப் போய், அங்குள்ள சாதாரண மனிதர்களை மேடைக்கு அழைத்துக் கதை கொடுத்துக் கதை வாங்குவார்கள். 1964 செப்டெம்பர் 12, சனிக்கிழமை, மட்டக்களப்பு நகர மண்டபத்தில் ஒலிப்பதிவு நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கோணாமலை காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டு மினுக்கி உடுத்து வந்திருந்தார்.

ஜெயராஜாதான் தொடங்கினார். "அண்ணே, இருவத்திரெண்டு வருசமாத் தந்தி கொண்டு போறீங்க. ஒரு நாயும் கடிக்கல்லயா?"

"நாய் கடிச்சது மூண்டு தரம். நாயிர சொந்தக்காரர் கடிச்சது ஒரு தரம்."

மண்டபம் சிரித்தது. பதியுதீன் விடவில்லை. "அவர் ஏன் கடிச்சவர்? தந்தியில என்ன இரிந்தது?"

"அத சொல்ல ஏலா தம்பி. இரகசியம்."

"சரி, ஆளையாவது சொல்லுங்க."

"சொல்ல மாட்டன். ரெண்டாவது வரிசையில இரிக்கார்."

இரண்டாவது வரிசையில் இருந்த பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசைகளில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

"மறுகா, தந்தியில கூட வாறது எது?" என்று கேட்டார் பதியுதீன். "பிறப்பா, கலியாணமா?"

"வருத்தம்தான் கூட. 'தாய்க்குக் கடும் வருத்தம், உடன் புறப்படவும்' எண்டு வரும்."

"ஐயோ பாவம். ஆக்கள் பதறிப்போவாங்க என்ன?"

"அது ஆளப் பொறுத்தது. சில பேர் நான் வாறத்துக்கு முதலே பெட்டி கட்டி வச்சிரிப்பாங்க."

முதலில் அரசாங்க உத்தியோகத்தர்கள் இருந்த பக்கத்திலிருந்துதான் சிரிப்பு வந்தது. லீவு எடுப்பதற்காக ஊரிலிருந்து அப்படி ஒரு தந்தி அடிப்பிப்பது அவர்களிடையே பழக்கம். ஜெயராஜா ஒன்றும் விளங்காதவர் போல முழித்தார். "பெட்டி ஏன் அண்ணே?"

"லீவு தம்பி, லீவு! ஒராள் இரிக்கார், உத்தியோகத்தர். அவர்ர தாய்க்கு இதோட ஆறு தரம் கடும் வருத்தம். ஆறு தரமும் அவங்கட ஊருத் திருவிழாவோட."

"தாய் இப்ப எப்பிடி இரிக்கா?"

"நல்ல சுகம். போன மாசம் இஞ்ச வந்திரிந்தா. அவட பெட்டிய நான்தான் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய்க் குடுத்த. ஆறு தரம் சாகக் கிடந்த மனிசி, என்னை விடக் கெதியா நடக்கா!"

சிரிப்பு அடங்கும்வரை ஒலிப்பதிவாளர் கையை உயர்த்திக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த உத்தியோகத்தர் யார் என்று எனக்கும் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. மண்டபத்தில் அவரும் இருந்தார், நன்றாகச் சிரித்தார்.

ஒக்டோபர் 4, ஞாயிறு மாலை நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. அடுத்த வாரம் முழுவதும் கோணாமலையின் சைக்கிளை மறித்துக் கதைத்தார்கள். அரசாங்க அதிபரின் கச்சேரிப் படியில் ஒரு பெரிய கிளாக்கர் அவரைக் கண்டதும், "இஞ்ச, நம்மட தாய்க்கு எப்பிடி?" என்று கேட்டார். அது ஊர் வாக்கியமாகிவிட்டது. கோணாமலைக்கும் மகிழ்ச்சிதான். அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை மட்டும், "எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிக்கிறாங்க. இது நல்லத்துக்கா?" என்றாவாம்.

ஒக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை, காலை 9.40க்கு மன்னாரிலிருந்து ஒரு தந்தி வந்தது. எழுதியவன் நான். தாய்க்குக் கடும் வருத்தம், உடன் புறப்படவும். பெயர் இமெல்டா, ஒரு பாடசாலையின் விலாசம். (இதை இமெல்டா ரீச்சரின் அனுமதியோடு எழுதுகிறேன்.) உறையை வாங்கிக்கொண்டு கோணாமலை உடனே புறப்பட்டார்.

இமெல்டா ரீச்சருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. முதல் நியமனம், இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. வகுப்பு வாசலில் நின்று தந்தியைப் பிரித்து வாசித்தவர், நேரே தலைமையாசிரியர் பேர்னாட் மாஸ்டரின் அறைக்கு நடந்தார். கையொப்பம் வாங்க வேண்டியிருந்ததால் கோணாமலையும் பின்னால் போனார். அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்து எனக்குச் சொன்னார்.

பேர்னாட் மாஸ்டர் தந்தியை வாசித்தார். பிறகு வாசலில் நின்ற பியோனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ரேடியோக்காரரே கொண்டு வந்திரிக்கார்! என்ன ரீச்சர், பெட்டி கட்டியாச்சா?"

பக்கத்து அறையில் இருந்த இரண்டு ஆசிரியர்களும் சிரித்தார்கள்.

"இல்ல சேர், அம்மாவுக்கு உண்மையாவே..."

"எல்லாருக்கும் உண்மையாத்தான் வரும். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் பாக்க வித்தியாதரிசி வாறார். உங்கட வகுப்பையும் பாப்பார். அவர் போகட்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் போங்க. அம்மா அதுவரைக்கும் இரிப்பா."

பேர்னாட் மாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. ஒன்பது நாட்களுக்கு முன் கேட்ட பகிடி அவர் காதில் இன்னும் இருந்தது, அவ்வளவுதான். லீவு இல்லாமல் போனால் இமெல்டாவின் நியமனம் போய்விடும். அவர் அழவில்லையாம். தந்தியை நாலாக மடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாராம்.

கோணாமலை தந்தியறை வாசலில் நின்று இதைச் சொல்லி முடித்தார். அவருக்கு இன்னும் ஆறு தந்திகள் கிடந்தன. எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, 12.50க்குத் திரும்பி வந்தார். சாப்பாட்டுக் கோப்பையைத் திறக்கவில்லை.

"ஐயா, மெயில் வண்டி எத்தின மணிக்கு?"

"ஆறு இருவதுக்கு."

"அதுக்குள்ள அந்தப் புள்ளய ஏத்தவேணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

இந்தமுறை பேர்னாட் மாஸ்டரின் அறைக்குள் நேரே போய் நின்றாராம்.

"சேர், லீவுத் தந்தி வியாழன், வெள்ளியிலதான் வரும். அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு. இது செவ்வாக்கிழமை. விடியத் தபாற்கந்தோர் திறந்த உடன அடிச்சிரிக்காங்க."

"நீங்கதானே ரேடியோவில சொன்ன, எல்லாம் பொய்யெண்டு?"

"எல்லாம் எண்டு சொல்லல்ல சேர். ஒராளப் பத்திச் சொன்ன. அதுவும் சிரிக்கிறத்துக்கு."

"அப்ப இது மெய்யெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோணாமலை இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் உறைகளைக் கொடுத்தவர். எது மெய், எது பொய் என்று எந்த உறையிலும் எழுதியிருக்கவில்லை. அவர் கேட்டார்: "அவங்கட பங்குச் சுவாமி சொன்னா நம்புவீங்களா?"

இமெல்டா ரீச்சரைப் போலப் பேர்னாட் மாஸ்டரும் கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். "சுவாமி சொன்னா நம்புறன். ஆனா ஆரு கேக்கிறது?"

"நான் கேக்கிறன்."

பதிலுக்கும் சேர்த்து இங்கேயே கட்டணம் கட்டித் தந்தி அனுப்பும் முறை அந்நாளில் இருந்தது. 1.25க்குக் கோணாமலை என் மேசையில் படிவத்தை வைத்தார். நான் 1.31க்கு அனுப்பி முடித்தேன். இனி மன்னாரில் ஒரு பியோன் அதைச் சுவாமியின் அறைவீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சுவாமி அங்கே இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு முன் பதில் அங்கிருந்து புறப்பட வேண்டும். பிந்தினால் அடுத்த நாள்தான்.

பின்னேரம் கோணாமலைக்கு நான்கு தந்திகள். ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு வந்து, கதவோரம் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். மூன்றாவது முறை இமெல்டா ரீச்சர் தங்கியிருந்த கன்னியர் மடத்து வாசலிலும் ஏறி, அங்கிருந்த மக்டலின் சிஸ்டரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

4.35க்குக் கம்பி பேசியது. தாய்க்கு இன்று காலை அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப்பட்டது, மகளை அனுப்பவும். கீழே சுவாமியின் பெயர். சாகும் தறுவாயில் இருப்பவருக்கே அந்தப் பூசுதல் கொடுப்பார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கோணாமலை என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார். அப்படி அவர் செய்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பாடசாலை விட்டுவிட்டதால் பேர்னாட் மாஸ்டரின் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் முன்கதவில் நின்றபடி வாசித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாராம். உள்ளே போய் லீவுக் கடிதத்தில் கையொப்பம் வைத்துக்கொண்டு வந்தவர், சட்டையையும் மாட்டிக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தார். இருவரும் மடத்துக்குப் போனபோது இமெல்டா ரீச்சர் வாசலில் நின்றார். காலடியில் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியபடி.

பேர்னாட் மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார்.

"நான்தான் சேர் கட்டிவைக்கச் சொன்ன" என்றார் கோணாமலை. "பதில் வந்த பிறகு கட்டினா நேரம் காணா."

மாஸ்டர் பெட்டியைத் தூக்கித் தன் சைக்கிளின் பின்னால் வைத்தார். பாலம் கடந்து ஸ்டேஷன்வரை அதை உருட்டிக்கொண்டு போனதும், வண்டியில் ஏற்றியதும் அவர்தான். மெயில் நேரத்துக்குப் புறப்பட்டது.

மாகோவில் மாறி, மதவாச்சியில் மறுபடி மாறி, புதன் மத்தியானம் இமெல்டா ரீச்சர் வீடு சேர்ந்தார். தாய் மகளை அடையாளம் கண்டு, இரண்டு நாள் பேசியிருந்து, ஒக்டோபர் 16, வெள்ளி அதிகாலை காலமானார்.

நவம்பர் 2, திங்கட்கிழமை, மரித்த விசுவாசிகளின் நாள். பூசை முடிந்து வரும் வழியில் இமெல்டா ரீச்சர் கந்தோருக்கு வந்தார். கோணாமலை சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களால அம்மாட கையப் பிடிச்சிக்கொண்டு இரிந்தன்."

"என்னாலதான் ரீச்சர் பிந்தவும் பாத்தது. அந்தப் பகிடி..."

"அத நானும் கேட்டனான். மடத்துல எல்லாருமா இரிந்து கேட்டம். எனக்குத்தான் கூடச் சிரிப்பு வந்தது."

கோணாமலை காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். "சிரிக்கத்தான் புள்ள சொன்னன்" என்றார். அவரை ரீச்சர் என்று அழைக்காமல் விட்டது அப்போதுதான்.

'சிரிப்புச் சந்தி' 1965 பெப்ரவரி 6, சனிக்கிழமை, மறுபடியும் மட்டக்களப்புக்கு வந்தது. பதியுதீன் நேரிலே கந்தோருக்கு வந்து கேட்டதால் கோணாமலை மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: தாயின் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கக்கூடாது.

"அதுதானே அண்ணே சனம் கேக்கப் போறது?" என்றார் பதியுதீன்.

"சனம் கேட்டாக் கேக்கட்டும். நீங்க கேக்கப்பொடா."

பதியுதீன் சொன்ன சொல்லைக் காத்தார். சைக்கிளைப் பற்றி, மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் தந்தி கொண்டுபோன கதை பற்றியெல்லாம் கேட்டார். சனம் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு வாலிபன் எழும்பி, வாயருகே கையைக் குவித்துக் கத்தினான்: "அண்ணே, தாய்க்கு இப்ப எப்பிடி?"

மண்டபம் குலுங்கியது. கோணாமலை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"காலமாயிற்றா தம்பி. ஒக்டோபர் பதினாறாந் திகதி, வெள்ளிக்கிழமை."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். ஜெயராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதியுதீன் அவர் முழங்கையைப் பிடித்தார். ஒலிப்பதிவாளரைப் பார்த்து, "இதோட கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துக் கோணாமலைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். ஒலிவாங்கி நின்றிருந்தது. ஆனால் இந்தமுறையும் மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

"ஆருட உம்மா அண்ணே?"

"ஒரு ரீச்சர்ர."

"அவவுக்குப் போய்ச் சேரக் கிடைச்சதா?"

"ஓம். ரெண்டு நாள் முந்தி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார் பதியுதீன். பிறகு பதியுதீன் எழும்பி, ஒலிப்பதிவாளருக்குத் தலையசைத்து, அடுத்த விருந்தாளியாகச் செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஆச்சிப்பிள்ளையை மேடைக்கு அழைத்தார்.