ஒரு சாண் தாழ்ந்த ஜன்னல்

என் வீட்டுக்காரர் வீடு வரைகிறவர். பெரிய பங்களா எல்லாம் இல்லை, பெட்டி வீடு. ஊருக்குள் சும்மா கிடக்கிற இடமாகப் பார்த்து, பாலத்துக்கு அடியிலோ மூடிப்போன பணிமனையிலோ இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் குப்பை சேர்கிற சந்திலோ, தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்த வீட்டைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு இதுதான் வேலை. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிய மாட்டார். ஒரே ஒரு வியாதி உண்டு. பக்கத்து மேசைக்காரன் நன்றாகச் செய்துவிட்டால் இவருக்கு வயிறு எரியும்.

பக்கத்து மேசைக்காரனுக்கு ‘மடக்கு’ என்று பெயர் வைத்ததே இவர்தான். அவன் வரைகிற வீட்டில் கட்டில் சுவருக்குள் மடங்கும், மேசை கட்டிலுக்குள் மடங்கும், நாற்காலி எங்கே போனது என்று தேட வேண்டும். கிண்டலுக்கு வைத்த பெயர். அலுவலகமே அதைச் செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவனும் போனை எடுத்து, “மடக்கு பேசறேன்” என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டான். அதற்கும் இவருக்கு எரிச்சல்.

கடைத்தெருவில் கார் நிறுத்துகிற அடுக்குமாடி ஒன்று இருக்கிறது. உச்சித் தளம் வரை யாரும் வண்டியை ஏற்றுவதில்லை. அங்கே புறாதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த மொட்டைத் தளத்தில் வீடு வைக்க இருவரும் வரைந்தார்கள். மடக்கு வரைந்தது தேர்வானது. கிரேன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி மேலே வைத்ததை ஊரே அண்ணாந்து பார்த்தது. இவர் மட்டும் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்.

முதல் வரிசை வீடுகளுக்குக் குலுக்கல் வைத்தார்கள். அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மாடிக் குளியலறைத் தண்ணீர் எங்கள் கட்டில் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. இவரிடம் மூச்சு விடாமல் நான் விண்ணப்பம் போட்டேன். எங்களுக்கு விழுந்தது. மடக்கும் போட்டிருந்தானாம், அவனுக்கு விழவில்லை.

“அவன் வரைஞ்ச வீட்டுல நான் போய்க் குடியிருக்கணுமா?” என்று இவர் குதித்தார்.

“நீங்க வரைஞ்சதுல ஏதாவது காலியா இருந்தா சொல்லுங்க, அங்கயே போயிடலாம்” என்றேன்.

சாமான்களை ஏற்றினோம்.

குடிவந்த பிறகு இவருக்கு முழுநேர வேலை குறை கண்டுபிடிப்பதுதான். தரை சரிவா என்று கோலிக்குண்டை உருட்டினார். அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. கட்டிலை இறக்கி, ஏற்றி, இறக்கி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை சோதித்தார். முதல் மழை வந்தபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரையின் இணைப்புகளையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“வீடு ஒழுகக் கூடாதுன்னு வேண்டிக்கறவங்களைப் பாத்திருக்கேன். ஒழுகணும்னு வேண்டிக்கற ஆளை இப்பதாங்க பாக்கறேன்.”

ஒரு சொட்டு விழவில்லை. மனிதர் வாடிப்போனார்.

கடைசியில் குறையை எடுத்துக் கொடுத்தது நான்தான். சும்மா இருக்க மாட்டாத வாய். “சமையல்கட்டுல நின்னு பாத்தா ஜன்னல் வழியா சிமெண்டுத் தரைதாங்க தெரியுது” என்றேன். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். வழக்கமான உயரத்தைவிட ஜன்னல் ஒரு சாண் கீழே இருந்தது. சமையல் மேடையையாவது கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், ஜன்னலை என்ன செய்வது?

மறுநாள் கூட்டத்தில், மேலாளர் முன்னால், எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். இரண்டாம் வரிசைக்கான பெட்டிகளில் அப்போது ஜன்னல் வெட்டப் போகிற நேரம். உயர்த்தி வெட்டுங்கள் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். மடக்கைக் கேட்டதற்கு, “தெரிஞ்சுதான் வெச்சேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டானாம். அன்றைக்கு இவர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் விசில் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடக்கு தன் மனைவியோடு வந்து நின்றான்.

“அண்ணி, இவ ஒரு தடவை வீட்டைப் பாக்கணும்னா. தொந்தரவு இல்லையே?”

அந்தப் பெண் ஒரு கையில் தடியும் ஒரு கை சுவரிலுமாக உள்ளே வந்தாள். சமையல்கட்டு எங்கே என்று கேட்கவில்லை, நேராகப் போனாள். கைப்பிடியைச் சுற்றி மேடையை இறக்கினாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ரயில் தெரியுதுங்க.”

“சொன்னேன்ல” என்றான் மடக்கு.

நானும் குனிந்து பார்த்தேன். ரயில் நிலையம், கடைத்தெரு, அதற்கப்பால் ஏரி வரை தெரிந்தது. இத்தனை நாள் நின்றுகொண்டே சமைத்ததில் எனக்கு அது தெரியவே இல்லை.

“எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாதுக்கா” என்று அவள் என்னிடம் சொன்னாள். “இப்ப இருக்கற வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்து காய் நறுக்குவேன். ரெண்டாவது வரிசைக்கும் பேர் குடுத்திருக்கோம். இவரு அதை ஆபீஸ்ல வெளிய சொல்லக் கூடாதுங்கறாரு. தனக்காக வரைஞ்சுக்கிட்டான்னு பேசுவாங்களாம்.”

இரண்டாம் வரிசை ஜன்னல் மேலே ஏறப் போவது அவளுக்குத் தெரியாது. மடக்கு தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர்கள் போனபின் இவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் மேலாளரிடம் போய், ஜன்னல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“நீங்கதானேய்யா குறை சொன்னீங்க?”

“உக்காந்து பாத்தேன் சார். சரியாத்தான் இருக்கு.”

இதை என்னிடம் சொல்லிவிட்டு, “அவனுக்கு மட்டும் எப்படிடி தோணுது இதெல்லாம்?” என்று பல்லைக் கடித்தார். நல்ல காரியம் செய்த முகமாக இல்லை அது. எரிச்சல் கொஞ்சமும் அடங்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் என் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் வந்தது இரக்கம் இல்லை. பொறாமை, அப்பட்டமான பொறாமை. நடக்கத் தடி வேண்டும், குலுக்கலில் வீடும் விழவில்லை, அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை! உட்கார்ந்தால் அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்து ஒருத்தன் சுவரில் ஜன்னல் வைத்திருக்கிறான். அந்த ஜன்னலோடு நான் குடித்தனம் நடத்துகிறேன்.

“ஏங்க, நீங்க வரையற வீட்ல யாரை நெனச்சு ஜன்னல் வைப்பீங்க?” என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார்.

“யாரை நெனைக்கறது? கட்டட விதியில ஒரு உயரம் போட்டிருக்கு. அதுல வைப்பேன்.”

என் உயரம் எவ்வளவு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.